ஐந்து பேர், ஒரு மாளிகை: ‘ஸ்வீட் ஹோம்’ ஆடும் முறை

1989 டிசம்பர் 15 அன்று ஜப்பானின் காப்காம் நிறுவனம் ஃபேமிகாம் பெட்டிக்காக ‘ஸ்வீட் ஹோம்’ என்ற கேமை வெளியிட்டது. ஜப்பானுக்கு வெளியே அது அதிகாரபூர்வமாக எங்கும் விற்பனைக்கு வரவில்லை. இங்கே அந்தப் பெயரைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் ஏதோ வீட்டுக்கடன் விளம்பரம் என்று நினைப்பார்கள். ஆனால் பேய்க் கதையை ரோல்-பிளேயிங் கேமாக ஆடிப் பார்க்க ஆசைப்பட்டு யார் வந்தாலும் நான் முதலில் நீட்டுவது இதைத்தான். முப்பத்தைந்து வருடம் கழித்தும் இதன் பிடி தளரவில்லை.

ஓசூரை ஒட்டிய பேரிகை, பாகலூர், சூளகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த கேம் தனியாகவே பொருந்தும் என்பது என் கட்சி. சிப்காட் வேலைக்கு வந்து ஒரே ரூமில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர்கள் இங்கே ஏராளம். ஒருவர் ஷிப்ட் முடிந்து வரும்போது இன்னொருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். ஒரு பொருளை யார் எங்கே வைத்தது, அடுத்தவருக்கு என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அன்றாடப் பாடு. ‘ஸ்வீட் ஹோம்’ முழுக்க இதே பாடுதான், நடுவில் பேய் நிற்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமியா இச்சிரோ என்ற ஓவியரின் மாளிகை முப்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அவர் தீட்டிய சுவரோவியங்களைப் படம் பிடிக்க ஐந்து பேர் கொண்ட குழு உள்ளே நுழைகிறது. வந்த வழி அடைபடுகிறது. செத்துப்போன மாமியா சீமாட்டியின் ஆவி அவர்களை வெளியே விட மறுக்கிறது. இதே பெயரில் கியோஷி குரோசாவா இயக்கி, ஜூசோ இதாமி தயாரித்த படமும் அதே 1989-இல் வந்தது. கேமை இயக்கியவர் டோகுரோ ஃபுஜிவாரா. 1985-இல் ‘கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ்’ செய்தவர், ஆடுபவரைத் திணறடிப்பதில் தேர்ந்த கை.

‘சந்திரமுகி’யும் ‘அரண்மனை’யும் பார்த்த நமக்கு இந்தக் கதையின் எலும்பு பழக்கமானது. பூட்டிய பங்களா, உள்ளே ஒரு பெண்ணின் ஆறாத துயரம். ஆனால் நம் படங்களில் விஷயம் தெரிந்த ஒருவர் வெளியிலிருந்து வந்து முடிச்சை அவிழ்ப்பார். இந்த மாளிகையில் வழியில் ஒரு பெரியவர் எதிர்ப்பட்டுக் கொஞ்சம் உதவினாலும், முடிச்சை அவிழ்க்க வேண்டியது மாட்டிக்கொண்ட ஐவரே.

படத்தைப் பார்த்துப் பயப்படுவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். புள்ளி புள்ளியான சிறு உருவங்கள்தான். இதன் பயம் முழுக்கப் பற்றாக்குறையிலிருந்து பிறக்கிறது: பையில் இடம் இல்லை, மருந்து குறைவு, ஆள் ஐந்து பேர்தான், செத்தவர் திரும்ப மாட்டார். ‘டிராகன் குவெஸ்ட்’ போன்ற கேம்களில் செத்த ஆளைக் கோவிலுக்குத் தூக்கிப்போய்க் காசு கொடுத்தால் எழுந்துவிடுவார். இங்கே அப்படி ஒரு இடமே கிடையாது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் எல்லா யோசனையும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான். இழப்பு இழப்பாகவே இருந்தால்தான் இந்த கேம் உயிரோடு இருக்கும்.

கைக்கு வரும் வழி

90-களில் நம்மூர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் விற்ற சமுராய், லிட்டில் மாஸ்டர் போன்ற பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். பரணில் அப்படி ஒன்று கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஜப்பானிய ஃபேமிகாம் கேசட்டில் 60 பின் இருக்கும். உங்கள் பெட்டியும் 60 பின் கேசட் எடுப்பதா என்று பார்த்துவிட்டு, ‘ஸ்வீட் ஹோம்’ பழைய கேசட்டை ஜப்பானிலிருந்து வரவழைக்கலாம். தபால் செலவோடு சுங்க வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஜப்பானிய ஃபேமிகாம் பெட்டியையே வாங்குவதாக இருந்தால் அதன் அடாப்டரை நம் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது. அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் ஓடுவது 230.

கேசட் வந்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை: கேமை ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் நடந்து, சேவ் செய்து, பெட்டியை அணைத்து, சிறிது நேரம் விட்டுப் போட்டுப் பாருங்கள். சேவ் காணாமல் போயிருந்தால் உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பழைய கேசட்டுகளில் இது சகஜம். சால்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக் யாராலும் மாற்றிவிட முடியும். நம் பக்கத்தில் தொழிற்சாலை வேலையிலேயே சால்டரிங் பழகியவர்கள் இருப்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை.

கேம் முழுவதும் ஜப்பானிய எழுத்து. ரசிகர்கள் சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது கேமின் பிரதி மேல் பூசும் ‘பேட்ச்’ கோப்பாகக் கிடைக்கிறது. கணினியிலோ போனிலோ எமுலேட்டர் வழியாக ஆடுபவர்களுக்கு அதுவே துணை. கேமின் உரிமை காப்காமிடம் இருக்கிறது. அதனால் கேசட்டை விலைக்கு வாங்கி, அதிலிருந்து எடுத்த பிரதியில் பேட்ச் பூசி ஆடுவதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன். அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். ஒரு நாட்டுக்குள்ளேயே முடங்கியிருக்க வேண்டிய கதையைக் கூலி வாங்காமல் வெளியே கொண்டுவந்தார்கள்.

போன் திரையில் விரலால் தேய்த்து ஆடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கம்பி வைத்த சாதாரண யுஎஸ்பி கேம்பேட் போதும். ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் நிச்சயம் கிடைக்கும். முடிந்தால் டிவியில் இணையுங்கள். கூட உட்காரும் எல்லோருக்கும் திரை தெரிய வேண்டும்.

ரூமில் உட்காரும் விதம்

இந்த கேமை ஒருவர்தான் ஆட முடியும், ஆனால் நாலு பேர் உட்கார்ந்து ஆட வேண்டும். கேம்பேட் ஒருவர் கையில் இருக்கட்டும். இன்னொருவர் நோட்டில் வரைபடம் போடட்டும். மூன்றாமவர் பொருள்களின் கணக்கு வைத்துக்கொள்ளட்டும். நான்காமவர் திரையில் வரும் எழுத்தை வாசிக்கட்டும். அருகிருக்கும் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது, வெறும் பார்வையாளர் தேவையில்லை.

வாசிப்பவரின் வேலை தனியாகச் சொல்லத் தக்கது. சுவரோவியச் செய்திகள், நாட்குறிப்புத் துண்டுகள், செத்துக்கொண்டிருப்பவர் சொல்லும் வார்த்தைகள் என்று கதை சிறு சிறு வாக்கியங்களாகத்தான் வரும். இங்கே ஒரு ரூமிலேயே தமிழ் பேசுபவர், தெலுங்கு பேசுபவர், எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூரிலிருந்து வந்த கன்னடக்காரர் என்று கலந்திருப்பார்கள். ஆங்கில வரியை ஒருவர் உரக்கப் படித்து, ரூமில் ஓடும் மொழியில் சொல்லட்டும். அவசரப்படாமல் சொல்லட்டும். கதை சொல்லக் கேட்கும்போது வரும் பயம், அவரவர் தனியாக வாசித்து நகரும்போது வருவதில்லை.

சத்தத்தைக் குறைத்து ஆடாதீர்கள். ஜுங்கோ தாமியாவின் இசை இந்த கேமின் பாதி உயிர். சில அறைகளில் வெறும் இரண்டு மூன்று சுரங்கள் திரும்பத் திரும்ப வந்து முதுகைச் சில்லிடவைக்கும். இரவு ஷிப்ட் முடித்தவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தால், ஒரு ஹெட்போன் ஸ்ப்ளிட்டர் வாங்கி இரண்டு பேர் கேட்கலாம், அல்லது அவர் எழும் வரை காத்திருக்கலாம். ஊமையாக ஆடுவதைவிடக் காத்திருப்பது மேல்.

ஷிப்ட்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி, கேமை எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். அந்தக் காலத்து கேம்களில் இது அபூர்வம். இரண்டு மணிக்கு கம்பெனி பஸ் என்றால் ஒன்றே முக்காலுக்குச் சேவ் செய்துவிட்டுக் கிளம்பலாம், கரண்ட் போகும் அறிகுறி தெரிந்தாலும் அப்படியே. நிறுத்தும்போது நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: யார் எந்த அறையில் நிற்கிறார், யாரிடம் என்ன இருக்கிறது, எந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை, எந்தச் சுவரோவியத்தை இன்னும் படம் எடுக்கவில்லை. லைனில் அடுத்த ஷிப்ட்காரருக்கு எழுதி வைக்கும் குறிப்பைப் போல இது துல்லியமாக இருக்க வேண்டும். வாரம் கழித்து உட்காரும்போது இந்த நாலு வரி இல்லாமல் தலையும் புரியாது காலும் புரியாது.

பை, ஆள், வழி

ஐவருக்கும் ஒவ்வொரு கருவி. கசுவோவிடம் லைட்டர், வழியை மறிக்கும் கயிற்றை எரிக்க. அகிகோவிடம் மருந்துப் பெட்டி, விஷம் முதலிய கோளாறுகளைத் தீர்க்க. தாரோவிடம் கேமரா, சுவரோவியங்களில் மறைந்திருக்கும் செய்தியைப் பிடிக்க. அசுகாவிடம் வேக்குவம் கிளீனர். தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளை உறிஞ்சவும், ஓவியத்தின் மேல் படிந்த தூசியை எடுக்கவும் அது வேண்டும். எமியிடம் சாவி.

ஒரு குழுவில் அதிகபட்சம் மூன்று பேர். ஆகவே ஐவர் எப்போதும் பிரிந்துதான் நடப்பார்கள். இங்கேதான் கேமின் மூளை இருக்கிறது. தூசி படிந்த ஓவியம் எதிர்ப்பட்டால் அசுகாவும் தாரோவும் இருவருமே அங்கே வேண்டும். பூட்டிய கதவு என்றால் எமி. இப்போது எமி இன்னொரு குழுவில், இரண்டு அறை தள்ளி, கண்ணாடித் துண்டுகளுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று வையுங்கள். அவளை இங்கே கொண்டுவர அசுகா அங்கே போக வேண்டும். அசுகா போனால் இங்கே தாரோ தனியாக. நோட்டைப் பார்த்துக் கால் மணி நேரம் விவாதிக்காமல் ஓரடி வைக்க முடியாது.

என் யோசனை: அசுகாவையும் தாரோவையும் பிரிக்காதீர்கள். துப்பு கிடைக்காமல் கேம் நகராது, துப்பு இவர்கள் இருவர் கையில்தான். அகிகோ, சண்டை மிகுந்த பக்கம் போகும் குழுவில் இருக்கட்டும். எவரையும் ஒற்றையாக அலையவிடாதீர்கள். இந்த மாளிகையில் தரை வாயைத் திறக்கும். பள்ளத்தில் விழுந்தவரை இன்னொருவர் வந்து மேலே இழுக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் விழுந்தால் வேறு குழு பாதி மாளிகையைக் கடந்து வர வேண்டியிருக்கும், வழியில் என்னென்ன எதிர்ப்படுமோ.

ஆயுதமும் சொந்தக் கருவியும் போக, ஆளுக்கு இரண்டே பொருள்தான் பையில் கொள்ளும். மூன்றாவதை எடுக்க வேண்டுமென்றால் ஒன்றைக் கீழே வைக்க வேண்டும். வைத்த இடத்திலேயே அது கிடக்கும். பள்ளம் தாண்டும் பலகை, கயிறு, பலம் மீட்கும் டானிக் எல்லாம் இந்த இரண்டு இடத்துக்காக அடித்துக்கொள்ளும். முதல் தடவை ஆடுபவர்கள் எல்லோர் பையிலும் டானிக்கை நிரப்புவார்கள். பிறகு ஒரு பள்ளத்துக்கு முன்னால் நின்று,

“டேய், பலகை யார்கிட்டடா இருக்கு?”

“அண்ணா, ரெண்டு ரூமுக்கு முன்னாடி டானிக் எடுக்குறப்ப கீழ வச்சிட்டோம்.”

“அத ஏன்டா நோட்ல எழுதல?”

என்று முடியும். அதனால் குழுவுக்கு ஒருவர் வழி சம்பந்தப்பட்ட பொருளை மட்டும் சுமக்கட்டும். கீழே வைக்கும் ஒவ்வொரு பொருளையும் அறையோடு எழுதுங்கள். வேறு இடம் தேடாமல் நடமாட்டம் அதிகமான ஒரு கூடத்தைப் பொதுக் கிடங்காக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சண்டையும் சாவும்

சண்டைகள் எதிர்பாராமல் வரும். ஒவ்வொன்றிலும் தாக்கலாம், ஓடலாம், பிரார்த்தனை செய்யலாம். பிரார்த்தனைக்குத் தனிப் புள்ளிகள் உண்டு, அவை அளவானவை. சில எதிரிகளிடம் ஆயுதத்தைவிட அது கூர்மையாக வேலை செய்யும். ஆகவே சில்லறை எதிரிகளிடம் அதைச் செலவழிக்காதீர்கள். ‘கால்’ என்ற கட்டளையால் இன்னொரு குழுவை உதவிக்கு வரவழைக்கவும் முடியும். அவர்கள் பக்கத்தில் இருந்து, இடையில் தடை இல்லாமல் இருந்தால்தான் பயன். குழுக்களை ஒன்றுக்கொன்று கூப்பிடும் தூரத்தில் நகர்த்திச் செல்வதற்கு இதுவே காரணம்.

எல்லாச் சண்டையிலிருந்தும் ஓடிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அது கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். சண்டை போட்டவருக்குத்தான் அனுபவம் சேரும், பின்னால் நிறுத்திவைத்தவர் முதல் நாள் இருந்த பலத்திலேயே இருப்பார். மாளிகையின் ஆழத்தில் அந்த ஒருவர் முதல் அடியில் விழுவார். எனவே நிம்மதியான பகுதிகளில் ஆள் மாற்றி மாற்றி எல்லோரையும் சண்டையில் பழக்குங்கள். டானிக்கைப் பொறுத்தவரை, கடையே இல்லாத இடத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு வேண்டும். கேம் முழுவதும் கிடைக்கும் புட்டிகள் எண்ணி வைத்தவை.

ஆள் செத்தால் என்ன செய்வது? கேம் நிற்காது. செத்தவரின் வேலையைச் செய்யும் மாற்றுப் பொருள் மாளிகையில் எங்கோ கிடக்கும், தேடி எடுத்தால் தொடரலாம். ஆனால் அந்த மாற்றுப் பொருள், மிச்சமிருப்பவர்களின் இரண்டு இடத்தில் ஒன்றை அடைத்துக்கொள்ளும். ஒருவர் போனதன் பாரத்தை மற்றவர்கள் கடைசி வரை பையில் சுமக்கிறார்கள். கேம் வடிவமைப்பில் இவ்வளவு மனதைத் தொடும் ஒரு முடிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எத்தனை பேர் உயிரோடு வெளியே வருகிறார்கள் என்பதைப் பொறுத்து கேமுக்கு ஐந்து முடிவுகள் இருக்கின்றன.

எமுலேட்டரில் ஆடுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. எமுலேட்டர் தரும் ‘ஸ்டேட் சேவ்’ வசதியால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பதிந்து, ஆள் செத்ததும் பின்னால் போக முடியும். அதைத் தொடவே தொடாதீர்கள். கேமுக்குள் இருக்கும் சேவ் மட்டும் போதும். ஆரம்பிக்கும்போதே ரூமில் எல்லோரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள்: ஆள் செத்தால் சேவ் செய்துவிட்டுத் தொடருவோம். எமி செத்த அன்று ரூமே துக்க வீடாகிவிட்டதாக ஒருவர் என்னிடம் சொன்னார், அன்றுதான் அவர்கள் உண்மையாக ஆட ஆரம்பித்தார்கள் என்பேன். அதே சமயம் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் சாகும் தறுவாயில், மருந்தும் இல்லாமல், வெளியேற வழியும் இல்லாத மூலையில் சேவ் செய்துவிட்டால் முதலிலிருந்துதான். சேவ் செய்வதற்கு முன் ஐவரின் நிலையையும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

விடை சொல்லும் முழு வழிகாட்டி வீடியோக்கள் உண்டு. முதல் ஆட்டத்தில் வேண்டாம். மாட்டிக்கொண்டால், படம் எடுத்த எல்லாச் செய்திகளையும் நோட்டிலிருந்து ஒரு தடவை உரக்கப் படியுங்கள். பெரும்பாலும் விடை ஏற்கெனவே கையில் இருக்கும், யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியதை மற்றவர்கள் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

முடித்த பிறகு

1996-இல் காப்காம் வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ இந்த கேமின் நேர் வாரிசு. ஃபுஜிவாரா, தன் பழைய கேமை அடிப்படையாக வைத்து ஷின்ஜி மிகாமியிடம் ஒப்படைத்த வேலை அது. பூட்டிய மாளிகை, போதாத பை, சிதறிக் கிடக்கும் குறிப்புகள் மூன்றும் அப்படியே வந்திருக்கும். ஒவ்வொரு அறைக்கும் முன்னால் கதவு மெதுவாகத் திறக்கும் அந்தக் காட்சிகூட ‘ஸ்வீட் ஹோம்’ செய்ததுதான். உலகமே அறிந்த ஒரு வரிசையின் வேரை ஆடி முடித்துவிட்டு அதைத் தொடுவது பெரிய சுகம்.

ரோல்-பிளேயிங் வகையிலேயே தொடர விரும்பினால் ‘கார்ப்ஸ் பார்ட்டி’. 1996-இல் ஒரு கேம் தயாரிப்புக் கருவியை வைத்துச் சிறு குழு செய்தது, பிறகு பலமுறை புதுப்பிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொள்ளும் மாணவர் கதை. தனியாக ஆட வேண்டிய நாள்களுக்கு ‘வேர்ல்ட் ஆஃப் ஹாரர்’ பொருத்தம். போலந்தைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் ‘எம்எஸ் பெயின்ட்’டில் படம் வரைந்து உருவாக்கி, 2023-இல் முழுமையாக வெளியானது. ஓர் ஆட்டம் சுருக்கமாக முடிந்துவிடும் என்பதால் ஷிப்ட் இடைவெளிக்குள் அடங்கும்.

பின்லாந்திலிருந்து 2018-இல் வந்த ‘ஃபியர் அண்ட் ஹங்கர்’ பற்றியும் கேட்பார்கள். பற்றாக்குறையை இதைவிடக் கொடூரமாகக் கையாளும் கேம் குறைவு. ஆனால் அதில் பாலியல் வன்முறையும் உடல் சிதைவும் வெளிப்படையாக வரும். பெரியவர்களுக்கு மட்டுமானது. தம்பி தங்கைகள் நடமாடும் வீட்டின் கூடத்து டிவியில் அதைப் போடாதீர்கள். ரூமில் போடுவதாக இருந்தாலும் எல்லோரிடமும் முன்கூட்டிச் சொல்லி, ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள்.